நஞ்சுக்கு ஒரு முகம்

அந்தப் பள்ளியின் மேல் பரஞ்சோதிக்கு இருந்த இளக்காரம் வாசலிலேயே தொடங்கிவிட்டது. ஃபைபரில் வார்த்த இரண்டு வெள்ளை யானைகள் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. அவற்றின் கண்களில் கேமரா இருந்தது. காரில் வரும் பெற்றோர் ஒவ்வொருவரையும் யானை பெயர் சொல்லி, "வாங்க, வணக்கமுங்க" என்று கோயமுத்தூர் மரியாதையுடன் வரவேற்கும். ஆட்டோவில் வந்து இறங்கிய பரஞ்சோதியை அது சற்று நேரம் பார்த்தது. பிறகு, "ஒப்பந்த ஊழியர், இடது பக்க வழி" என்றது.

அவர் சென்னையில் இருபது வருடம் அனிமேஷன் படம் வரைந்தவர். இயந்திரங்கள் வந்ததும் ஸ்டுடியோவை மூடினார்கள். அதற்காக அவர் அழவில்லை. அங்கே வரைந்ததெல்லாம் பல் தேய்க்கும் முயல்களும் காப்பீடு எடுக்கச் சொல்லும் கரடிகளும்தான். முயல்களை வெறுத்துக்கொண்டே சம்பாதித்தார், கரடிகளை வெறுத்துக்கொண்டே வீட்டு வாடகை கட்டினார். இப்போது பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புராணக் கதைகளை அனிமேஷனில் சொல்லக் கற்றுக்கொடுக்க வந்திருந்தார். வெறுப்பதற்குப் புதிதாக ஓர் இடம், அவ்வளவுதான்.

தாளாளர் கோகிலவாணி அவரை ஏசி அறையில் உட்கார வைத்து இளநீர் கொடுத்தார்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு நம்ம புராணம் ஒண்ணும் தெரியறதில்லைங்க சார். நாம சொன்னாலும் கேக்கறதில்ல. அதனால அவங்களே சொல்லட்டும். அவங்க பாணியில, அவங்க பார்வையில. பெத்தவங்களக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவோம்."

"எந்தக் கதை வேணும்னாலும் சொல்லலாமா?"

"தாராளமாங்க. யாரு மனசும் புண்படாம இருந்தாப் போதும்."

"புராணத்துல பாதி, யாரோ மனசு புண்பட்டதுதானே மேடம்."

கோகிலவாணி சிரித்தார். புரிந்து சிரிக்கவில்லை என்பதைப் பரஞ்சோதி கவனித்தார். அதிலும் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

பள்ளி புதிதாக வாங்கியிருந்த கருவிக்கு அகத்திரை என்று பெயர். நெற்றியில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை. கண்ணை மூடிக்கொண்டு கதை சொன்னால் போதும். சொல்கிறவர் மனதில் ஓடும் காட்சியை அது பிடித்து, கோடாகவும் நிறமாகவும் அசைவாகவும் மாற்றித் திரையில் போட்டுவிடும். வரையத் தெரிய வேண்டியதில்லை, பென்சில் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. அப்படியானால் தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று பரஞ்சோதி யோசித்தார். வகுப்பில் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள என்று இரண்டாவது நாள் புரிந்தது.

பிள்ளைகளும் அவருடைய இளக்காரத்துக்குத் தாராளமாக இடம் கொடுத்தார்கள். அவர்கள் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்த கடவுளர் எல்லாரும் ஜிம்முக்குப் போயிருந்தார்கள். எல்லார் உள்ளங்கையிலிருந்தும் நீல வெளிச்சம் வந்தது. ஓர் அரக்கி கூந்தலை விரித்துப்போட்டபடி ஆங்கிலத்தில் சிரித்தாள். பரஞ்சோதி காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதெல்லாம் வேண்டாம். பட்டையைக் கட்டிக்கிட்டு உனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லு" என்றார்.

முதலில் வந்தவன் ரித்விக். வகுப்பிலேயே வாயாடி. யார் தலையில் கை வைத்தாலும் சாம்பலாகிவிடும் என்று வரம் வாங்கிய அசுரனின் கதையை எடுத்துக்கொண்டான். கண்ணை மூடினான், சொல்லத் தொடங்கினான். திரையில் அசுரன் வந்தான். முன் வழுக்கை, ஃபிரேம் இல்லாத கண்ணாடி, பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமும் பழக்கம். ஊரில் பாதிப் பேருடைய இதயத்தைத் திறந்து பார்த்த டாக்டர், ரித்விக்கின் அப்பா.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. ரித்விக் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தான், பட்டையைப் பிடுங்கி எறிந்தான்.

"சத்தியமா நான் அவரை நினைக்கவே இல்ல சார்."

"நீ நினைக்கலை. அதான் விஷயமே" என்றார் பரஞ்சோதி. "அசுரன்னு சொன்னதும் உன் மூளைக்கு ஒரு மூஞ்சி வேணும். புதுசா ஒரு மூஞ்சி செய்ய அதுக்கு வராது. பார்த்த மூஞ்சிகள்ல எது பயத்தோட ஒட்டியிருக்கோ அதை எடுத்து நீட்டிடும். சாமின்னு சொன்னா, எது நிம்மதியோட ஒட்டியிருக்கோ அது."

"இதைத் திருத்த முடியாதா?"

"முடியாது. கம்பெனிக்காரன் விளம்பரமே அதுதான். பிள்ளை மனசுல வந்ததுல ஒரு கோட்டைக்கூட வேற யாரும் தொட முடியாது. பழசை அழிச்சுட்டு மறுபடி சொல்லலாம். சொன்னாலும் அதே மூஞ்சிதான் வரும்."

"எங்க அப்பா பார்த்தா?"

"பார்க்கட்டுமே" என்றார் பரஞ்சோதி. சொல்லும்போது அவருக்கு உள்ளுக்குள் இனித்தது. இந்தப் பெற்றோரையெல்லாம் ஒரு நாள் வரிசையாக உட்கார வைத்து அவர்கள் முகத்தையே அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்கான அரங்கையும் தேதியையும் பள்ளியே தயார் செய்து வைத்திருந்தது.

மிதுனாவை அதுவரை அவர் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. பம்ப்செட் கம்பெனி முதலாளியின் ஒரே மகள். கேட்டால் பதில் சொல்லுவாள், கேட்காவிட்டால் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள். அவள் எடுத்துக்கொண்டது கடலைக் கடைந்த கதை. ஆயிரம் காலண்டரில் அச்சான கதை என்று பரஞ்சோதி கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

"எல்லாரும் அமுதம் வேணும்னுதான் வந்தாங்க" என்று கண்ணை மூடியபடி தொடங்கினாள் மிதுனா. "விஷம் வரும்னு யாருமே சொல்லல. வந்ததும் எல்லாரும் கயித்தைப் போட்டுட்டு ஓடிட்டாங்க. தேவருங்க மேகத்துக்குப் பின்னாடி. அசுரருங்க பாறைக்குப் பின்னாடி. கடல் மட்டும் பொங்கிட்டே இருந்துச்சு. அப்ப ஒருத்தங்க வந்தாங்க."

திரையில் ஒரு பெண் கரைக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். சாயம் போன சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். ஏதோ வேலையின் நடுவில் கூப்பிட்டதால் எழுந்து வந்தவள் போல் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நடந்தாள். குனிந்து, பொங்கும் கறுப்பைக் குழம்பில் உப்புப் பார்ப்பதுபோல உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நக்கிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு இரண்டு கையாலும் அள்ளி மொத்தத்தையும் குடித்தாள். கழுத்து நீலமானது. மேகத்தையும் பாறையையும் ஒருமுறை திரும்பிப் பார்த்து, "ஒண்ணுமில்ல, போங்க. போயி அவங்கவங்க சோலியப் பாருங்க" என்றாள்.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. பரஞ்சோதி திரைக்கு இன்னும் பக்கத்தில் போய்ப் பார்த்தார். இருபது வருடத்தில் அவர் வரைந்த எந்த உருவமும் இப்படி நடந்ததில்லை.

"யாரும்மா அது?"

"எங்க வீட்டு மாராத்தாக்கா சார். சமையல் பண்றாங்க. நான் கைக்குழந்தையா இருக்கறப்பவே வந்தவங்க."

"உங்க அம்மா?"

மிதுனா கொஞ்சம் யோசித்தாள். "அம்மா மேகத்துக்குப் பின்னாடி இருந்தாங்களே சார். நீங்க பார்க்கலையா?"

பிள்ளைகள் அதிகம் என்பதால் திரையிடலை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். முதல் பிரிவில் ரித்விக்கும், அக்‌ஷரா என்ற பெண்ணும், இன்னும் சிலரும். மிதுனா இரண்டாவது பிரிவில் இருந்தாள்.

முதல் திரையிடலுக்குப் பெற்றோர் பட்டும் கோட்டுமாக வந்தார்கள். பரஞ்சோதி அரங்கின் ஓரத்தில் சுவரில் சாய்ந்து நின்றார். படத்தை அவர் பார்க்கவில்லை, பார்க்கிறவர்களைப் பார்த்தார். தலையில் கை வைத்துச் சாம்பலாக்கும் அசுரன் தொண்டையைச் செருமியபோது டாக்டர்தான் அரங்கிலேயே அதிகமாகச் சிரித்தார். கையையும் தட்டினார். அந்த வாரமே ரித்விக்கை ஊட்டியில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்தார்கள். அங்கே ஒழுங்கு நன்றாக இருக்குமாம்.

அக்‌ஷராவின் கதையில், தொலைந்துபோன குழந்தையைத் தேடிக் காட்டுக்குள் அலையும் தேவிக்கு அவள் அத்தையின் முகம் வந்தது. கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்ட அத்தை. "எங்க நாத்தனார்னா இவளுக்கு உசுருங்க" என்று அக்‌ஷராவின் அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். பத்து நாளுக்குள் அந்த அத்தையைத் தாராபுரத்தில் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காற்றோட்டமாக இருக்கும் என்றார்கள். இன்னொரு வீட்டில் டியூஷன் டீச்சரை மாற்றினார்கள். வேறொரு வீட்டில் காவலாளி நின்றுவிட்டார். படத்தால்தான் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் நாகரிகமான மனிதர்கள். பிள்ளையின் மனதில் கடவுளாக இருந்த குற்றத்துக்காக ஒருவரை வெளியே அனுப்பும்போதுகூட இனிப்புப் பெட்டி கொடுத்து அனுப்பத் தெரிந்தவர்கள்.

இரண்டாவது பிரிவின் பெற்றோர் விழித்துக்கொண்டார்கள். அதுவரை மகனின் வகுப்பு எதுவென்று தெரியாதிருந்த அப்பாக்கள் மாலையிலேயே வீடு திரும்பினார்கள். அம்மாக்கள் அடுப்படிக்குள் நுழைந்து எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று வேலைக்காரர்களிடம் கேட்டார்கள். ஒருவர் மகளை மாலத்தீவுக்கு அழைத்துப் போனார். கடவுள் பதவிக்கு அது சுருக்கு வழி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பூஜை அறையில் தங்கள் படத்தையும் கொஞ்சம் பெரிதாக மாட்டியவர்கள் உண்டு. ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் 'பெற்றோர் முகப் பதிவுப் பயிற்சி' என்று ஒரு மையமே திறந்தார்கள்.

"பாருங்க சார், புராணம் குடும்பத்த எப்படி ஒண்ணு சேக்குதுன்னு" என்று கோகிலவாணி பூரித்துப்போனார்.

"ஆமாங்க மேடம். தேவர்களுக்கே இவ்வளவு போட்டி இருந்திருக்காது" என்றார் பரஞ்சோதி. அதற்கும் கோகிலவாணி சிரித்தார்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் மிதுனா அவரைத் தேடி ஆய்வகத்துக்கு வந்தாள். அவர் டீயும் வடையுமாக உட்கார்ந்திருந்தார்.

"சார், என் படத்துல வேற மூஞ்சி வரணும்."

"வராது. அன்னைக்கே சொன்னேனே."

"அக்‌ஷராவோட அத்தையை அனுப்பிட்டாங்க சார்."

"தெரியும்."

"மாராத்தாக்காவையும் அனுப்பிடுவாங்க." அவள் குரல் நடுங்கவில்லை. கணக்குப் போட்டு விடையைச் சொல்வதுபோல் சொன்னாள். "நான் வேற கதை சொல்லட்டா?"

"எந்தக் கதை சொன்னாலும் அதுல நல்லவங்கன்னு ஒருத்தர் வந்துதானே ஆகணும்?"

"படமே எடுக்காம இருந்துட்டா?"

"உங்க அம்மா விடுவாங்களா?"

"அம்மா அந்த ஃபங்ஷனுக்குப் புடவையே எடுத்தாச்சு சார்" என்றாள் மிதுனா.

பரஞ்சோதிக்கு அலுப்பாக இருந்தது. இந்தப் பணக்காரப் பெண்ணின் சங்கடம், அவள் வீட்டுச் சமையல்காரி, அவள் அம்மாவின் புடவை, எல்லாம் சேர்ந்து அவருடைய டீயை ஆறவைத்துக்கொண்டிருந்தன.

"ஒரே ஒரு வழி இருக்கு. அவங்களை வெறுத்துடு" என்றார். பேச்சை முடிப்பதற்காகத்தான் சொன்னார்.

"எப்படி சார்?"

"தினமும் அவங்க மூஞ்சியை நினைச்சுக்கோ, கூடவே கசப்பா எதையாவது நினைச்சுக்கோ. உங்க அம்மா மூஞ்சியோட இனிப்பா எதையாவது சேர்த்துக்கோ. திரும்பத் திரும்பச் செஞ்சா மூளை பழகிடும். அதுக்கு வெட்கமே கிடையாது."

மிதுனா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் வடையின் மிச்சத்தைத் தின்றார்.

அதற்குப் பிறகு அவள் மதிய இடைவேளைகளில் வந்து பட்டையைக் கட்டிக்கொண்டு தனியாக உட்காருவதைப் பார்த்தார். கதையைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பாள். திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்திருப்பாள். முடித்ததும் அழித்துவிட்டுப் போவாள். சில நாள் கண் சிவந்திருக்கும். ஒரு நாள் வந்தாள், ஒரே ஒரு முறை சொன்னாள், அழிக்காமல் சேமித்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு வரவில்லை.

இரண்டாவது திரையிடலில் மிதுனாவின் அம்மா சுகந்தி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதே கடல் திரையில் வந்தது. கயிற்றை விட்டுவிட்டு எல்லாரும் ஓடினார்கள். கடல் நடுவிலிருந்து நஞ்சு எழுந்தது. இந்த முறை நஞ்சுக்கு ஒரு முகம் இருந்தது. அகன்ற நெற்றி, மூக்கின் இரண்டு பக்கமும் கல் மூக்குத்தி, வெற்றிலைக் கறை படிந்த பல். மாராத்தாள் அலைகளுக்கு மேலே தலையைத் தூக்கி வாயைத் திறந்தபோது அரங்கின் பின்வரிசையில் ஒரு சின்னக் குழந்தை அழத் தொடங்கியது.

கரையில் சுகந்தி நின்றார். மடிப்புக் கலையாத பட்டு. அந்த முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி ஒரே மடக்கில் விழுங்கினார். கழுத்து நீலமாகி, காதிலிருந்த வைரத் தோடு அதற்குப் பொருத்தமாக மின்னியது.

சுகந்தி அழுதுவிட்டார். மேடைக்கு ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டார். அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. கோகிலவாணி மைக்கைப் பிடித்து, இனி இது ஒவ்வொரு வருடமும் எல்லா வகுப்புக்கும் உண்டு என்று அறிவித்தார். பரஞ்சோதி சுவரோரம் நின்றபடி, இதுவும் கடைசியில் அம்மா காலில் விழுந்துவிட்டது என்று மிதுனாவை மனதுக்குள் ஏசினார். தான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் செய்திருக்கிறாள் என்பது அவருக்கு மறந்துவிடவில்லை. ஆனாலும் இவ்வளவு சுத்தமாகச் செய்வாள் என்று அவர் நினைக்கவில்லை.

அரங்கைவிட்டு வெளியே வரும்போது சுகந்தி அவரைப் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரணும் சார். என் பொண்ணு மனசுக்குள்ள நான் இப்படி இருக்கேன்னு உங்களாலதானுங்க தெரிஞ்சுது."

"அந்த நஞ்சு, உங்க வீட்டுச் சமையல்காரம்மாதானே?"

"ஆமாங்க. நானும் கவனிச்சேன்." சுகந்தி குரலைத் தாழ்த்தினார். "எங்க மிதுனா அவகிட்ட ரொம்ப ஒட்டிக்கிட்டாளோன்னு ஒரு பயம் இருந்துதுங்க சார், எனக்கு. இல்லைன்னு ஆயிருச்சு. வேலைக்காரங்ககிட்டப் பசங்களுக்கு ஒரு பயம் இருக்கறது நல்லதுதானுங்க. அவ பாட்டுக்கு இருந்துட்டுப் போறா."

ஞாயிற்றுக்கிழமை பரஞ்சோதி போனார். நல்ல சாப்பாடு என்பது ஒரு காரணம். முதலாளி ஊரில் இல்லை. மேசையில் சுகந்தியும் மிதுனாவும் அவரும் மட்டும். சந்தகையும் நாட்டுக்கோழிக் குழம்பும். பரிமாற வந்த பெண்ணைப் பார்த்ததும் அவருக்கு ஒரு கணம் கை நின்றுவிட்டது. திரையில் இரண்டு விதமாகப் பார்த்த முகம். நேரில் இரண்டுமாகவும் இல்லை. கொஞ்சம் தூக்கம் கெட்ட, சாதாரண முகம்.

மாராத்தாள் கரண்டியோடு மிதுனாவின் பக்கம் வந்தாள். மிதுனா தட்டின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

"அம்மா, நீங்க போடுங்க."

சுகந்தி பெருமையோடு எழுந்து பரிமாறினார். பாதி குழம்பு மேசைவிரிப்பில் விழுந்தது. மாராத்தாள் துடைக்கக் குனிந்தபோது மிதுனாவின் நாற்காலி ஓர் அங்குலம் விலகியது. அது நடிப்பு என்று நினைத்துத்தான் பரஞ்சோதி பார்த்தார். அம்மா முன்னால் நடிக்கிறாள், கெட்டிக்காரி. ஆனால் அந்தத் தோள் தானாகச் சுருங்கியது. மாராத்தாளின் கை மேசையை விட்டுப் போகும்வரை அவள் மூச்சு விடவில்லை. யாருக்கும் காட்டுவதற்காக ஒருவர் மூச்சை அப்படி அடக்குவதில்லை.

அதன் பிறகு குழம்பு அவருக்கு ருசிக்கவில்லை.

கை கழுவும் இடம் அடுப்படியை ஒட்டி இருந்தது. சுகந்திக்கு ஏதோ ஃபோன் வந்து முன்னறைக்குப் போய்விட்டார். மாராத்தாள் தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான்தான் மிதுனாவோட அனிமேஷன் வாத்தியார்."

"தெரியுமுங் சார். நீங்கதான வெறுக்கச் சொல்லிக் குடுத்தது."

அதில் குற்றச்சாட்டு இல்லை. ஆளை அடையாளம் கண்டுகொண்டாள், அவ்வளவுதான். பரஞ்சோதி குழாயைத் திறந்து வைத்தபடி நின்றார்.

"பாப்பா அன்னிக்கே வந்து எங்கிட்டச் சொல்லிருச்சுங். 'அக்கா, உன்னைய நான் வெறுத்துப் பழகோணுமாம், சார் சொன்னாரு, நீ தப்பா நெனச்சுக்காதே'ன்னு. தெனமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தா, அந்த ஸ்டூலு மேல உக்காந்துக்கும். எம் மூஞ்சியவே மொறச்சுப் பாக்கும். கொஞ்ச நேரத்துல சிரிப்பு வந்துரும். நானும் சிரிச்சுப்போடுவேன். அப்பறம் ரண்டு பேரும் மொதல்ல இருந்து ஆரம்பிப்போம்."

"அப்புறம் எப்படி வந்தது?"

"வரலைங். பாவக்கா தின்னு பாத்துச்சு, என்ற பேரச் சொல்லிக்கிட்டே. ஊசியில கையக் குத்திக்கிச்சு. பள்ளிக்கூடத்துல போயிச் சொல்லிப் பாத்தா, மறுபடியும் எம் மூஞ்சியேதான் விசத்தக் குடிக்குதாம். நாளு நெருங்கிருச்சு. ஒரு நா இங்க வந்து தரையில உக்காந்து தேம்பித் தேம்பி அழுதுச்சுங். 'உன்னைய அனுப்பிப்போடுவாங்கக்கா'ன்னு. அன்னிக்குத்தான் நான் சொன்னனுங்."

"என்ன சொன்னீங்க?"

மாராத்தாள் குழாயை மூடினாள். அவர் பக்கத்துக் குழாயையும் எட்டி மூடினாள்.

"'உன்னையத் தூக்கி வளத்துனது சம்பளத்துக்குத்தான் கண்ணு'ன்னு சொன்னனுங். 'எம் பையனுக்குக் காச்சல்னு கெடந்தப்பக் கூட உன்ற பீத்துணியத்தான் தொவைச்சிட்டிருந்தேன். நீ அழுவறப்பெல்லாம் உன்னையக் கெணத்துல போட்டுட்டுப் போயிரலாமான்னுதான் இருக்கும். ஒரு நாளுங்கூட உம்மேல எனக்கு ஆசையா இருந்ததில்ல'ன்னு. பாப்பா மொதல்ல சிரிச்சுதுங். வெளையாட்டுன்னு நெனச்சுது. நான் சிரிக்கல. அதோட கண்ணயே பாத்துட்டு இன்னொருக்காச் சொன்னேன். அப்பறம் அதும் சிரிக்கறத நிறுத்திருச்சு."

முன்னறையில் சுகந்தி யாரிடமோ படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்து நீலமான இடத்தை இரண்டாவது முறையாக விவரித்துக்கொண்டிருந்தார்.

"அது பொய்தானேம்மா?" என்றார் பரஞ்சோதி. அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

மாராத்தாள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "வேலைக்கு என்னங், நாலு வூடு தள்ளிப் போனா வேற வேல. அங்க இந்தப் பாப்பா இருக்குமுங்களா?"

"அப்ப அதை அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. படந்தான் முடிஞ்சுபோச்சே."

"வருசா வருசம் எடுப்பாங்களாமுல்லங். அம்மணி சொன்னாங்க. இப்பச் சொன்னா மூஞ்சி மறுபடி மாறிப் போயிருமுல்லங். பன்னண்டாவது முடியட்டும்." அவள் கழுவிய கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, அவர் படித்தவர், இந்தக் கருவியைப் பற்றித் தெரிந்தவர் என்ற நம்பிக்கையோடு நேராகப் பார்த்துக் கேட்டாள். "அப்பறமாச் சொன்னா நம்புமுங்களா சார்?"

பரஞ்சோதி துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். ஏற்கெனவே காய்ந்திருந்த கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மாராத்தாள் பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

கிளம்பும்போது சுகந்தி வாசற்படிவரை வந்து வழியனுப்பினார். கேட் வரைக்கும் மிதுனா வந்தாள். முன்பைவிட நிமிர்ந்து நடந்தாள். நகம் கடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"சார், அடுப்படியில ரொம்ப நேரம் நின்னீங்க. அவ உங்ககிட்ட என்ன சொன்னா?"

பரஞ்சோதி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். ஒரு வரி சொன்னால் போதும். அந்த ஒரு வரி அடுத்த வருடம் திரையில் வந்து நிற்கும், அதற்கடுத்த வாரம் மாராத்தாள் இந்த கேட்டைத் தாண்டிப் போவாள். சொல்லாவிட்டாலும் ஒன்று போய்விடுகிறது.

"குழம்புல காரம் சரியா இருந்துச்சான்னு கேட்டாங்க."

மிதுனாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"அவளுக்கு வேற என்ன சார் தெரியும்" என்று சொல்லிவிட்டு கேட்டைச் சாத்தினாள்.